அப்பள வாட்ச்சும் முங்கு வாட்ச்சும்

மாடிப்படி ஏறும்போதே கோமதிக்குத் தெரிந்துவிட்டது, வீட்டில் ஆள் இல்லை. கஸ்பார் வீட்டில் இருந்தால் டி.வி. சத்தம் கீழே பால் கடை வரைக்கும் கேட்கும். முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி முங்கி வேலை பார்த்ததில் அவருக்கு இடது காது பாதி போய்விட்டது. தெருவுக்கே செய்தி வாசித்தால்தான் அவருக்குச் செய்தி. இன்றைக்குப் படியில் அவள் செருப்புச் சத்தம் மட்டும்தான். தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தாள், பையை நடு ஹாலில் அப்படியே விட்டாள். கோயம்புத்தூரிலிருந்து பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கால் வீங்கிக் கனத்தது, தொண்டை வறண்டது, ஆனாலும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை, நேரே படுக்கையறைக்குப் போனாள். நின்றிருக்கும். நிற்காமல் எப்படி இருக்கும்? ஒரு நாள் சாவி கொடுக்காவிட்டால் மறுநாள் மத்தியானம் படுத்துவிடும் அந்த வாட்ச், அவள் ஊருக்குப் போய் எட்டு நாள் ஆயிற்று. ஆறு வருஷமாக, முதல் புருஷன் சிதம்பரநாதன் போன நாளிலிருந்து, காலையில் பால் பொங்குவதற்குள் அவருடைய வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துவிடுவாள். அந்தக் குட்டித் திருகை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கிர்ர் கிர்ர் என்று, போதும் என்று அதுவே சொல்கிற வரைக்கும். நாலு மாசத்துக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் கஸ்பாரைக் கட்டிக்கொண்ட பிறகும் அதை விடவில்லை; அவர் கடற்கரைக்கு நடக்கப் போகிற நேரமாகப் பார்த்து, புடவை அடுக்குக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து, சொந்த வீட்டிலேயே திருடி மாதிரி. ஊருக்குக் கிளம்பும்போது அவரிடம் எப்படிச் சொல்வது? ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறது, தயிர் இருக்கிறது, என் மொத வீட்டுக்காரர் வாட்ச்சுக்கு தினமும் சாவி கொடுத்துவிடுங்கள் என்றா? வாய் வரவில்லை. கையோடு கொண்டு போயிருக்கலாம், ஆனால் மகள் சுகிர்தா கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்வாள். நேற்று துணி மடிக்கும்போது கேட்டாளே, “அப்பா வாட்ச் ஓடுதாம்மா?” என்று. ஓடுது என்று கூசாமல் சொன்னாள் கோமதி. “அடுத்த தடவை வரும்போது கொண்டாந்துரும்மா. அங்க எதுக்கு அது?” அங்க. அம்மா வீடு என்று சொல்ல மாட்டாள், அவர் வீடு என்றும் சொல்ல மாட்டாள், அங்க. பஸ் தாராபுரம் தாண்டும்போதே கோமதி முடிவு பண்ணிவிட்டாள், நின்றிருந்தால் மகளிடமே கொடுத்துவிடுவது என்று. நிற்க விட்டவளுக்கு அதை வைத்துக்கொள்ள என்ன முகம் இருக்கிறது? ஓடினால்தான் அது அவர், நின்றால் வெறும் தகடு. இப்படி நினைத்துக்கொண்டே பீரோவைத் திறக்கப் போனவள், பக்கத்தில் இருந்த கண்ணாடி மேஜையைப் பார்த்து நின்றுவிட்டாள். புடவைக்கு அடியில் இருக்க வேண்டிய சிவப்பு வெல்வெட் பெட்டி, மூடியபடி, மேஜை மேல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கஸ்பாரின் முங்கு வாட்ச் தனியாகக் கிடந்தது.

அந்த வாட்ச்சைக் கையில்லாமல் அவள் பார்த்ததே இல்லை. குளிக்கும்போது கட்டியிருப்பார், மீன் கழுவும்போது கட்டியிருப்பார், தூங்கும்போதும்தான். கல்யாணமான புதிதில் தலையணைக்குப் பக்கத்தில் பச்சையாக என்னவோ மினுங்குகிறதே என்று அலறி எழுந்தாள், அவர் மணிக்கட்டு. இருட்டில் கடலுக்கு அடியில் மணி தெரிய வேண்டாமா டீச்சர் என்றார். படுக்கையில் எதுக்குங்க தெரியணும் என்றாள். அவர் கழற்றவில்லை, ஒரு வாரத்தில் அவளுக்கும் அந்தப் பச்சை வெளிச்சம் இல்லாமல் தூக்கம் வராமல் போயிற்று. கோயம்புத்தூரில் எட்டு நாளும் அதைத்தான் தேடினாள், மகள் வீட்டு இருட்டில் புரண்டு புரண்டு படுத்து, வெட்கமாகக்கூட இருந்தது. இப்போது அது இங்கே கிடக்கிறது, கையைக் காணோம். எடுத்தாள். என்ன கனம், அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கிக் கையில் கட்டின மாதிரி. காதில் வைத்தாள், ஓடுகிறது. ஓடுகிறது என்றால் நல்லதுதான். இதற்குச் சாவி கிடையாது, கை ஆட ஆடத் தானே முறுக்கிக்கொண்டு ஓடும், கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நேற்றோ இன்றோ கையில் இருந்திருக்கிறது, ஆளும் நன்றாகத்தான் இருக்கிறார். அப்பாடா என்று கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே எழுந்துவிட்டாள். சிதம்பரநாதன் வாட்ச்சும் ஓடிக்கொண்டுதானே இருந்தது. அவர் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள், மோதிரம், கண்ணாடி, வாட்ச். சின்னப் பெண், பார்த்துக்கோங்கம்மா என்றாள், எதைப் பார்க்க? கவரைக் காதில் வைத்தால் டிக் டிக். காலையில் அவரே கொடுத்த சாவி. கொடுத்தவர் பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருக்கிறார், அவர் விரல் முறுக்கின முறுக்கில் இது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த முறுக்கு தீர்வதற்குள் மறுநாள் காலையில், வீடு நிறைய சொந்தக்காரர்கள் அழுதுகொண்டிருக்கும்போது, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் முதல் தடவையாகச் சாவி கொடுத்தாள். அன்றைக்குத் தொடங்கினதுதான். அதனால் வாட்ச் ஓடுகிறது என்பது ஒரு ஆறுதலா? ஆள் எங்கே?

போனைப் போட்டாள். அடுப்பங்கரையில் மணி அடித்தது. போனையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சரி, செருப்பு? வாசலுக்கு ஓடிப் பார்த்தாள், செருப்பு இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்றால் நடந்துதான் போயிருக்கிறார், தூக்கிக்கொண்டு போகவில்லை, தூக்கிக்கொண்டு போகிறவர்கள் செருப்பு மாட்டிவிட மாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயசில், ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்த்த கணக்கு டீச்சர், செருப்பை வைத்து உயிரைக் கணக்குப் போடுகிறாள். கீழ் வீட்டில் கேட்கலாம். என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று கேட்டால் அந்த அம்மாள் முகத்தில் ஒரு வினாடி, எந்த வீட்டுக்காரர் என்று ஒரு நிழல் ஓடும். நாலு மாசமாக அதைத்தான் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறாள். வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பாரோ? வரவே வேண்டாம், நானே வந்துக்கிடுவேன் என்று கண்டித்துச் சொல்லியாயிற்று, சொன்னால் கேட்கிற மனுஷன். பிறகு எங்கே, அதுவும் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில். இங்கேதான் அவள் நினைப்பு முள்ளில் மாட்டின புடவை மாதிரி நின்றது. பெட்டியை வெளியே எடுத்தது யார்? அவர்தான். எதையோ தேடும்போது கையில் பட்டிருக்கும், திறந்து பார்த்திருப்பார், புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாளே என்று நினைத்திருப்பார். ஒளித்தது வாட்ச்சை இல்லைங்க, உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் என்று யார் அவரிடம் சொல்வது. உன் ஆள் வாட்ச் இது, என்னுடையதையும் பக்கத்திலேயே வைத்துக்கொள், நான் வருகிறேன் என்று கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாரோ? சீ, அப்படிப்பட்ட ஆள் இல்லை. எப்படிப்பட்ட ஆள் என்று நாலு மாசத்தில் உனக்கு என்ன தெரியும்? பெட்டியைத் திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. உள்ளே நின்றிருக்கும், நின்றதை அவரும் பார்த்திருப்பார். மூடியே இருக்கட்டும் கொஞ்ச நேரம்.

இரண்டு வாட்ச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான். அவளும் கஸ்பாரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்ட இடம், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த வாட்ச் கடை. சிதம்பரநாதன் வாட்ச்சை எண்ணெய் போடக் கொண்டு போயிருந்தாள். இவர் தன்னுடையதற்கு ரப்பர் வளையம் மாற்ற வந்திருந்தார், பெரிய உடம்பு, உப்பில் ஊறின மாதிரி முகம். கடைக்காரர் ஒரே துணியில் இரண்டையும் வைத்தார். ஒன்று கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட அவள் அப்பா வாங்கினது, தங்க முலாம், வெள்ளை முகம், எண்கூட இல்லாமல் மணிக்கு ஒரு கோடு, சட்டைக் கைக்கு அடியில் இருக்கிற இடம் தெரியாது. மற்றது இரும்பு, கறுத்த முகம், இருநூறு மீட்டர் ஆழம் தாங்குமாம், சுற்றி ஒரு பல் வைத்த வளையம், அதைக் கட்டிக்கொண்டு கை நீட்டினால் அந்தக் கனத்திலேயே கதவு திறந்துவிடும். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன டீச்சர், வாட்ச்சா, அப்பளமா?” என்றார். டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. எரிச்சலில் அவள், “உங்களது வாட்ச்சா, குழாய் மூடியா?” என்று கேட்டுவிட்டாள். கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸ் கீழே விழும்படி சிரித்தார். வேலை முடிந்து கடைக்காரர் அவள் வாட்ச்சில் மணி திருத்தப் போனபோது, “வேண்டாம், வேண்டாம், அஞ்சு நிமிஷம் முன்னாலதான் இருக்கணும்” என்று கத்தினாள். சிதம்பரநாதன் வைத்த வழக்கம் அது. பேங்க் கதவு திறக்கும்போது அவர் நாற்காலியில் இருக்க வேண்டும், அதற்கு வாட்ச்சை ஐந்து நிமிஷம் தள்ளி வைத்துத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வார். வீடே முப்பது வருஷம் அவர் வாட்ச்சைப் பார்த்து ஐந்தைக் கழித்து மணி சொன்னது. கை கழுவப் போனால் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார், மழைத் தூறல் விழுந்தால் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வார், பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கினால்கூட வாட்ச் கட்டின கையை மடியில் பத்திரமாக வைத்திருப்பார். அவளையும் அப்படித்தான் வைத்திருந்தார், நலுங்காமல். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்த மனுஷன் வேறு தினுசு, வாழ்க்கையில் எல்லாவற்றையும் தண்ணீரில் முக்கித்தான் பார்ப்பார், முதல் வாரமே அவளைக் கடலில் இடுப்பளவுக்கு இறக்கிவிட்டார், செத்தேன் என்று கத்தினாள், பிறகு மறுநாளும் போகலாமா என்று அவளே கேட்டாள். முங்கு வாட்ச்சின் பல் வைத்த வளையத்தை இப்போது விரலால் தள்ளிப் பார்த்தாள். டக் டக் டக் என்று ஒரு பக்கம் மட்டும் திரும்பும், மறுபக்கம் திரும்பாது. முங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அதில்தான் குறித்துக்கொள்வார்களாம். ஏன் ஒரே பக்கம் என்று ஒருநாள் பருப்பு வேக வைக்கும்போது கேட்டாள். பாறையில இடிச்சித் திரும்பிட்டாலும் தப்பு நல்ல பக்கமாத்தான் இருக்கணும் டீச்சர், சீக்கிரம் மேல வந்துரச் சொல்லும், பிந்தி வரச் சொல்லாது என்றார். பருப்பு விசில் அடித்தது, அதோடு விட்டுவிட்டாள். இப்போதுதான் உறைக்கிறது. சிதம்பரநாதன் ஐந்து நிமிஷம் முன்னால் வைத்ததும் அதுதானே? தப்பினாலும் சீக்கிரமாகத் தப்புவது. அப்பளமும் குழாய் மூடியும் ஒன்றைத்தான் சொல்கின்றன. பொத்திப் பொத்தி வைத்தவருக்கும் முக்கி முக்கி எடுத்தவருக்கும் பயம் ஒன்றுதான், பிந்திவிடக் கூடாது. ஆனாலும் ஒருத்தர் ஐந்து நிமிஷம் முன்னால் இருந்து இருந்து, கடைசியில் அவளை விட்டுவிட்டு முன்னாலேயே போய்விட்டார். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள், என்று கையில் இருந்த இரும்பிடம் சொன்னாள். எனக்கு உங்கள் மேல் ரொம்ப ஆசையாக இருக்கிறது, நாலு மாசமாக அதையும் புடவைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன், வாய் விட்டுச் சொன்னதே இல்லை. வந்துவிடுங்கள்.

போதும், பார்த்துவிடுவோம் என்று பெட்டியைத் திறந்தாள். முதலில் கண் நம்பவில்லை, காது நம்பிற்று. டிக் டிக். ஊசி மாதிரி மெல்லிய அந்த வினாடி முள் வெள்ளை முகத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது, எட்டு நாளாக எதுவுமே நடக்காத மாதிரி. திருகைத் தொட்டு லேசாக முறுக்கினாள், முறுக்க இடமில்லை, நிறையச் சாவி இருந்தது. முங்கு வாட்ச்சில் மணி பார்த்தாள், நாலேகால். இதில் நாலு இருபது. அதே ஐந்து நிமிஷம். யாரும் திருத்தவில்லை. ஒரு நிமிஷம் பிசகினால்கூடப் பொறுக்காமல் ரேடியோச் செய்தியை வைத்து முள்ளைச் சரி பண்ணுகிற மனுஷன் இருக்கிற வீட்டில், எட்டு நாளும் இது ஐந்து நிமிஷம் தப்பாகவே ஓடியிருக்கிறது. எட்டுக் காலையும் அந்தப் பெரிய விரல்கள், ஆணி அடித்துக் கயிறு இழுத்துத் தடித்த விரல்கள், இந்த மிளகு அளவு திருகைப் பிடித்து. அப்போது படியில் சத்தம் கேட்டது, இரண்டிரண்டு படியாக, அறுபத்து மூன்று வயசில். யார் என்று பார்க்க எழக்கூட வேண்டியிருக்கவில்லை.

“டீச்சர்!” கஸ்பார் அறை வாசல் நிலையில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. “வந்துட்டியளா? மாதாவே!” கோமதிக்கு வாயில் வந்தது வகுப்பறைக் குரல்தான், “எங்க போனிய? வாட்ச்சையும் கழட்டி வச்சிட்டு, போனையும் போட்டுட்டு, எங்க போனிய நீங்க?” பஸ் ஸ்டாண்டுக்கு என்றார். நான்தான் வர வேண்டாம்னேன்லா என்றாள். “வேண்டாம்னியதான். வீங்குன காலோட பையத் தூக்கிட்டு வருவியளேன்னு இருந்துச்சி. பஸ்ஸு வந்துச்சி, ஏறி உள்ள பாத்தேன், ஆளக் காணோம். எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு டீச்சர். கண்டக்டர்ட்ட கேட்டா, கண்ணாடி போட்ட டீச்சரம்மா பைபாஸ்லயே எறங்கி ஆட்டோ புடிச்சிட்டாவன்னான்.” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் தேடிப் பயந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சிதம்பரநாதன் வாட்ச்சை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் தலை குனிந்தது. “ஒங்களக் கேக்காம எடுத்தது தப்புதான். நீங்க போன மறுநாளு நெனப்பு வந்துச்சி, இதுக்குச் சாவி குடுக்க ஆள் இல்லையேன்னு.” உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். “சாவி குடுக்கிற வாட்ச்சுன்னு கடையிலயே பாத்தேன்லா. நான் நடக்கப் போற நேரத்துல குடுக்கியன்னும் தெரியும். அதுக்குத்தான் தெனமும் ரெண்டு தெரு கூடச் சுத்திட்டு வருவேன்.” கோமதிக்குக் கண் மறைத்தது. அவர் விடவில்லை, சொல்லிக்கொண்டே போனார், “இன்னைக்குக் காலைல விட்டுப்போச்சி. கெளம்புறதுக்கு முன்னால குடுத்துருவோம்னு எடுத்தேன். குடுத்துட்டு மணியப் பாத்தா நாலாகப் போவுது. அய்யோ, பஸ்ஸு வந்துருக்குமேன்னு விழுந்தடிச்சி ஓடிட்டேன். பாதி வழியில கையப் பாக்கேன், வாட்ச்சக் காணோம். அப்பத்தான் உறைக்கிது, சார் வாட்ச்சு அஞ்சு நிமிசம் முன்னாலலா ஓடும்னு. சார் என்னய வெரட்டிட்டாரு டீச்சர்.” அவள் சிரித்துவிட்டாள், சிரிப்போடு சேர்ந்து மற்றதும் வந்துவிட்டது, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போனவர், பஸ்ஸில் வருகிற பெண்டாட்டியை அழைத்துவர ஆள் அனுப்பியிருக்கிறார், அதுவும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே. ஒன்று மட்டும் இன்னும் மாட்டிக்கொண்டே இருந்தது. “குளிக்கயிலகூடக் கழட்ட மாட்டியளே, இத எதுக்குக் கழட்டுனிய?” என்று முங்கு வாட்ச்சைக் காட்டினாள். அவர் இதென்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தார். “இது இரும்புலா. பட்டா அது கீறிரும். அதத் தொடும்போது இதக் கழட்டி வச்சிருவேன்.” கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் குரலில்தான் அதைச் சொன்னார், அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. கோமதி அவர் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கனத்த இரும்பை மணிக்கட்டில் கட்டி, கொக்கியை அழுத்தினாள். வெயில் படாத வெள்ளை வட்டம் அதற்கு அடியில் மறைந்தது. கையை உடனே விட்டுவிட மனமில்லை, விடவும் இல்லை. சுகிர்தாவிடம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், வாட்ச் ஓடுகிறது, இங்கேயே இருக்கட்டும் என்று. “இனி நீங்க குடுத்துருவியல்லா?” என்றார் அவர். “எட்டு நாளும் எனக்குக் கை நடுங்கிட்டு, எங்க திருகிப் பிச்சிருவனோன்னு.” நீங்களே கொடுங்கள் என்றாள் கோமதி. அவர் காதில் விழவில்லையோ என்னவோ, அப்படியே நின்றார். வலது காதுப் பக்கமாகப் போய்ச் சொன்னாள், “நீங்களே குடுங்க. அது நான் பால் அடுப்புல வைக்கிற நேரம்.” பெட்டியைப் புடவைக்கு அடியில் வைக்கவில்லை. கண்ணாடி மேஜையிலேயே மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அவருக்குக் காபி போடப் போனாள்.